வீடு வாசல்: சூட்டைக் கம்பி பார்த்துக்கொள்ளும்... வழுக்காமல் டைல்ஸ்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்!

கனடாவின் டொரன்டோ நகரில், தமிழர்கள் அதிகம் வசிக்கும் ஸ்கார்பரோ பகுதி. ஜனவரி மாத விடியற்காலை 5 மணி. வெளியே மைனஸ் 12 டிகிரி. காரைக்குடியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் 68 வயது அம்மா, வழக்கம்போல முதல் ஆளாக எழுந்து பாத்ரூம் கதவைத் திறந்து கால் வைக்கிறார். வைத்த வேகத்தில் காலை எடுத்துவிடுகிறார்.

``என்னப்பா இது, ஐஸ் மேல கால வச்ச மாதிரி இருக்கு!"

``அத்தை, பார்த்து வாங்க. செருப்புப் போட்டுக்கோங்க" என்று ஓடி வருகிறார் மருமகள். ஆனால், குளிக்கும் இடத்தில் செருப்பு போடுவது அம்மாவுக்குப் பழக்கம் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, நுனிக்காலில் தத்தித் தத்தித்தான் அவர் பாத்ரூமுக்குப் போய்வந்தார். ஈரத் தரையில், நுனிக்காலில், 68 வயதில்... பார்க்கிறவர்களுக்குத்தான் பதைப்பாக இருந்தது.

அடுத்த குளிர்காலத்துக்குள் பாத்ரூம் தரையை மாற்றிவிடுவது என்று மகன் முடிவெடுத்தார். டைல்ஸுக்கு அடியில் மின்சாரக் கம்பி பதித்து, தரையையே வெதுவெதுப்பாக்கும் `ஃப்ளோர் ஹீட்டிங்' முறை. கனடா மாதிரியான குளிர் நாடுகளில் பாத்ரூமைப் புதுப்பிப்பவர்கள் பலரும் யோசிக்கிற விஷயம் இது.

ஆனால், டைல்ஸ் கடைக்குப் போனதும் ஆரம்பித்தது குழப்பம். ``மார்பிள்தான் சூட்டை நல்லா கடத்தும்" என்று பளபளக்கும் வெள்ளை மார்பிளைக் காட்டினார் மகன். ``போர்சலைன் போதும், துடைக்க ஈஸி" என்றார் மருமகள். வீடியோ காலில் வந்த அம்மாவோ, ``நம்ம ஆத்தங்குடி கல்லு கெடைக்காதா அங்க?" என்று கேட்டார்.

மூவரில் யார் சொல்வது சரி?

டைல்ஸ் மட்டும் ஏன் ஜில்லிடுகிறது?

முதலில் ஒரு சின்ன சோதனை. குளிர்காலத்தில் பாத்ரூமில் விரித்திருக்கும் மிதியடியில் ஒரு காலையும், வெறும் டைல்ஸில் ஒரு காலையும் வைத்துப் பாருங்கள். டைல்ஸ் ஜில்லென்று இருக்கும். மிதியடி அப்படி இருக்காது. ஆனால், இரண்டும் ஒரே அறையில் இரவு முழுக்கக் கிடந்தவை. இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம், நம் பாதத்தின் சூட்டை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதில் இருக்கிறது. துணி மெதுவாக உறிஞ்சும். டைல்ஸ் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பைத்தான் மூளை `குளிர்' என்று எடுத்துக்கொள்கிறது. காரைக்குடியின் மே மாத மதியத்தில் தரையில் தலையணை இல்லாமல் படுத்தால் சுகமாக இருப்பதற்கும், ஸ்கார்பரோவின் ஜனவரியில் அதே தரை கடிப்பதற்கும் காரணம் ஒன்றுதான்.

குளிரில் டைல்ஸின் குறையாக இருக்கும் இந்தக் குணம், அடியில் சூடு வந்தவுடன் நிறையாக மாறிவிடுகிறது. காலிலிருந்து சூட்டை வேகமாக வாங்கும் டைல்ஸ், கம்பியிலிருந்து வரும் சூட்டையும் வேகமாக மேலே கொண்டுவந்துவிடும். அதனால்தான் தரைக்கு அடியில் சூடேற்றும் முறைக்கு மரத்தைவிடவும் கார்ப்பெட்டைவிடவும் டைல்ஸ் பொருத்தம் என்கிறார்கள்.

புது ஐடியா இல்லை!

தரைக்குக் கீழே சூடேற்றுவது ஏதோ நவீனக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். பண்டைய ரோமானியர்கள் தங்கள் பொதுக் குளியல் கூடங்களில், சின்னச் சின்னத் தூண்கள் மேல் தரையை நிறுத்தி, அடியில் அடுப்பின் சூடான காற்றை ஓடவிட்டார்கள். கொரியாவில் சமையல் அடுப்பின் சூட்டையும் புகையையும் அறைக்குக் கீழே கல் பாதைகள் வழியாகச் செலுத்தும் `ஒண்டோல்' முறை பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. இன்றைக்கும் கொரிய அடுக்குமாடி வீடுகளில் தரைக்குக் கீழே வெந்நீர்க் குழாய்கள்தான் ஓடுகின்றன.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட், ஜப்பானில் இப்படிச் சூடேற்றிய ஒரு கொரிய அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அசந்துபோனார். பிறகு 1930-களில், தான் வடிவமைத்த வீடுகளில் தளத்துக்கு அடியில் குழாய் பதித்து அதைக் கொண்டுவந்தார்.

இப்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழாய்களில் வெந்நீரை ஓடவிடுவது. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு, வீடு முழுக்கச் சூடேற்ற இது சரி. இரண்டாவது, மெல்லிய மின்கம்பியைப் பதிப்பது. ஏற்கெனவே இருக்கும் வீட்டில் ஒரு பாத்ரூமை மட்டும் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இதைத்தான். தரையின் உயரம் அதிகம் கூடாது என்பது இதன் வசதி.

மார்பிளா, போர்சலைனா? அரை டிகிரி சண்டை!

இப்போது மகனின் வாதத்துக்கு வருவோம். `மார்பிள் சூட்டை நன்றாகக் கடத்தும்' என்று அவர் சொன்னது உண்மைதான். போர்சலைனைவிட மார்பிள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகக் கடத்தும். ஆனால், கேள்வி அதுவல்ல. காலுக்குத் தெரியும் அளவுக்கு அந்த வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பாத்ரூம் தரைக்குப் போடும் மின்கம்பி பொதுவாகச் சதுர அடிக்கு 12 வாட் சூடு தரும். அது முழு வேகத்தில் ஓடும்போது, 10 மில்லிமீட்டர் கனமுள்ள போர்சலைன் டைல்ஸின் அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் இருக்கும் வெப்ப வித்தியாசம் ஏறக்குறைய 1 டிகிரி. அதே கனத்தில் மார்பிள் என்றால், சுமார் அரை டிகிரி. ஆக, மொத்தச் சண்டையும் அரை டிகிரிக்குத்தான்! தெர்மோஸ்டாட்டில் ஒரு புள்ளி கூட்டினால் தீர்ந்துபோகும் விஷயம்.

அதே இடத்தில் 10 மில்லிமீட்டர் மரப்பலகை இருந்தால் வித்தியாசம் 8, 9 டிகிரிவரை போகும். மரத்தோடு ஒப்பிடும்போதுதான் டைல்ஸின் வகை பெரிய விஷயம். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே அது பெரிய விஷயமே இல்லை.

`கறுப்பு டைல்ஸ் சூட்டை அதிகம் இழுக்கும்' என்றும் சிலர் சொல்வதுண்டு. அது வெயிலில் கிடக்கும் கல்லுக்குப் பொருந்தும். அடியிலிருந்து கம்பி சூடேற்றும்போது நிறத்துக்கு எந்த வேலையும் இல்லை. பிடித்த நிறத்தை வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, சூடு என்ற ஒரே காரணத்துக்காக விலை உயர்ந்த கல்லை வாங்கத் தேவையில்லை. அப்படியென்றால், எதைப் பார்த்து டைல்ஸ் தேர்ந்தெடுப்பது?

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

`இது ஈரமானால் வழுக்குமா?' இதுதான் முதல் கேள்வி.

தரை வெதுவெதுப்பானதும் வீட்டில் என்ன நடக்கும்? எல்லோரும் செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வர ஆரம்பிப்பார்கள். மிதியடியையும் எடுத்துவிடுவார்கள். குழந்தைகள் தலை துவட்டாமல் ஓடிவருவார்கள். தரையில் நீரும் சோப்பும் வெறுங்காலும் சந்திக்கும் நேரம் கூடும். அந்த நேரத்தில் பளபளப்பான டைல்ஸ் ஒரு பொறி மாதிரிதான். வயதானவர்களுக்கு ஒரு வழுக்கல் இடுப்பு எலும்பு முறிவில் போய் முடியலாம். அதிலிருந்து முழுதாக எழுந்து நடக்கப் பலருக்கு மாதங்கள் ஆகும்.

வழுக்கலை அளக்க எண்கள் இருக்கின்றன. வட அமெரிக்காவில் விற்கும் டைல்ஸின் விவரத் தாளில் `டி.சி.ஓ.எஃப்' என்று ஓர் எண் இருக்கும். ஈரமான நிலையில் மக்கள் நடக்கும் உள்புறத் தரைக்கு இது குறைந்தபட்சம் 0.42 இருக்க வேண்டும். இது வாசல்படி மாதிரி. இதற்குக் கீழே இருந்தால் வேண்டாம், மேலே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஐரோப்பிய டைல்ஸ் என்றால் `ஆர் 9' முதல் `ஆர் 13' வரை ஒரு வரிசை உண்டு. எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். ஆனால், இது எண்ணெய் தடவிய சாய்தளத்தில் செருப்பணிந்து நடந்து எடுக்கும் சோதனை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வரிசை இருக்கிறது. சோப்பு நீர் ஓடும் சாய்தளத்தில் வெறுங்காலோடு நடந்து சோதிப்பார்கள். குளிக்கும் இடத்துக்கு `பி' இருப்பது நல்லது.

ஒரு குழப்பத்தையும் தவிர்த்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் `பி.இ.ஐ' என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். அது டைல்ஸின் மேல்பூச்சு எவ்வளவு தேய்மானத்தைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. வழுக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. `5 போட்டிருக்கு சார், வழுக்கவே வழுக்காது' என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

எண்கள் பிடிபடவில்லையா? சாம்பிள் டைல்ஸ் ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, சுவரையோ யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு, பாதத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குப் பிடித்த டைல்ஸ் காலுக்குப் பிடிக்கிறதா என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எண்ணெய்க் குளியலும் மஞ்சளும்

தமிழ்க் குடும்பங்களுக்கென்றே சில கேள்விகள் இருக்கின்றன. வெளிநாட்டுக் கடைக்காரருக்கு அவை தோன்றாது. நாம்தான் யோசிக்க வேண்டும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருக்கும் வீடா? நல்லெண்ணெய் சொட்டிய தரை சோப்புத் தரையைவிட மோசமாக வழுக்கும். மஞ்சள் பூசிக் குளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்களா? நுண்துளை உள்ள கல்லில் மஞ்சளும் எண்ணெயும் இறங்கினால் கறை போகவே போகாது.

மார்பிளுக்கு இன்னொரு பலவீனம், அமிலம். எலுமிச்சை, வினிகர், அமிலம் கலந்த பாத்ரூம் கிளீனர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பட்டால்கூட, பளபளப்பு போய் மங்கலான தடம் விழும். அதைத் துடைத்து எடுக்க முடியாது. மறுபடியும் பாலிஷ்தான் போட வேண்டும்.

போர்சலைனில் இந்தத் தொல்லைகள் குறைவு. தன் எடையில் அரை சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத டைல்ஸைத்தான் போர்சலைன் என்ற வகையில் சேர்க்கிறார்கள். சுவருக்குப் போடும் சாதாரண செராமிக் டைல்ஸ் 10 சதவிகிதத்துக்கு மேல்கூட உறிஞ்சும். `ரெண்டும் ஒரே டிசைன்தானே' என்று சுவர் டைல்ஸைத் தரைக்கு வாங்கிவிடாதீர்கள்.

டைல்ஸ் சரியாக இருந்தாலும், இடையில் நிரப்பும் கிரவுட்டில் மஞ்சள் ஏறும். வெள்ளை கிரவுட்டைத் தவிர்த்து சாம்பல் நிறத்தில் போடுவது, அல்லது கறை பிடிக்காத எபாக்ஸி கிரவுட் போடுவது நல்லது.

இன்னொன்று, வாளியும் மக்கும்! நம் ஊர் பாத்ரூமில் தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றலாம்; ஒரு மூலையில் வடிகால் இருக்கும். கனடா வீடுகளில் ஷவர், பாத் டப் தவிர்த்த தரைப்பகுதியில் பெரும்பாலும் வடிகால் கிடையாது. தரைக்குக் கீழே மரச்சட்டமும் பிளைவுட்டும் இருக்கும். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பழக்கத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் அது மரத்துக்குள் இறங்கும். எனவே, டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் புகாத படலம் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். டைல்ஸும் கிரவுட்டும் மட்டும் தண்ணீரைத் தடுத்துவிடாது.

பெரிய டைல்ஸா, சின்ன டைல்ஸா?

சூட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிடிமானத்தில் வித்தியாசம் உண்டு. சின்ன டைல்ஸ் என்றால் கிரவுட் கோடுகள் அதிகம். ஒவ்வொரு கோடும் காலுக்கு ஒரு பிடி. ஷவருக்குள் தண்ணீர் வடிய, அடிக்கு கால் அங்குலம் என்ற கணக்கில் தரை சரிவாக இருக்க வேண்டும். பெரிய டைல்ஸ் அந்தச் சரிவுக்கு வளைந்துகொடுக்காது. அதனால்தான் ஷவர் தரைக்கு இரண்டு அங்குல மொசைக் டைல்ஸ் போடுகிறார்கள்.

ஷவருக்கு வெளியே 12-க்கு 24 அங்குலம் மாதிரியான பெரிய டைல்ஸ் போடலாம். கோடுகள் குறைவதால் துடைப்பது சுலபம். ஆனால், அடித்தளம் மிகச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 15 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள டைல்ஸுக்கு, 10 அடி தூரத்தில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக் கூடாது என்பது விதி. இதைக் கவனிக்காமல் ஒட்டினால் ஓர் ஓரம் தூக்கி நிற்கும். கால் தடுக்கும்.

அம்மா கேட்ட ஆத்தங்குடி

அம்மா கேட்டது ஆசையில். ஆனால், அதற்கும் பதில் சொல்லத்தானே வேண்டும்?

காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, சிமென்ட் சேர்த்துக் கையால் செய்யும் கல் அது. சூளையில் சுடுவதில்லை; தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். சிமென்ட் என்பதால் சூட்டைக் கடத்தும்தான். ஆனால், போர்சலைனைவிட அதிகக் கனம். கனம் கூடினால் சூடேற நேரம் பிடிக்கும், தரையின் உயரமும் எடையும் கூடும். நுண்துளைகள் இருப்பதால் ஈரமும் கறையும் இறங்கும்; பாதுகாப்புப் பூச்சு போட்டுப் பராமரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அழகே வழவழப்புதான். அந்த வழவழப்பு ஈரத்தில் ஆபத்து.

செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துக்கு அந்தக் கல் பொருத்தம். ஸ்கார்பரோ பாத்ரூம் தரைக்கு அல்ல. ஆசைக்குச் சுவரில் ஒரு வரிசை பதித்துக்கொள்ளலாம்!

கண்ணுக்குத் தெரியாத வேலைதான் முக்கியம்

டைல்ஸைத் தேர்ந்தெடுக்கச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது, அதன் கீழே என்ன வருகிறது என்று கேட்பதற்குச் செலவழிக்க வேண்டும். காரணம், டைல்ஸ் ஒட்டிய பிறகு கம்பியில் கோளாறு என்றால், தரையை உடைக்காமல் சரிசெய்ய முடியாது.

முதலில் தரையின் உறுதி. மரச்சட்டத் தரை, ஆள் நடக்கும்போது மிக லேசாக வளையும். சட்டத்தின் நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்கு மேல் வளையக் கூடாது என்பது சாதாரண டைல்ஸுக்கான விதி. மார்பிள் மாதிரியான இயற்கைக் கல்லுக்கு 720-ல் ஒரு பங்கு. அதாவது, இரண்டு மடங்கு விறைப்பான தரை வேண்டும். பழைய வீட்டின் மாடி பாத்ரூமில் மார்பிள் போட நினைப்பவர்கள், கல்லின் விலையோடு தரையைப் பலப்படுத்தும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அடுத்து, விரிசல். சூடும் ஈரமும் மாறும்போது மரம் ஒரு மாதிரியும் டைல்ஸ் இன்னொரு மாதிரியும் விரிந்து சுருங்கும். இரண்டையும் நேரடியாக ஒட்டினால் டைல்ஸ் பிளக்கும். நடுவில், அந்த அசைவை வாங்கிக்கொள்ளும் `அன்கப்ளிங் மெம்பரேன்' என்ற விரிப்பைப் போடுகிறார்கள். கம்பியைச் செருகும் பள்ளங்களோடேயே வரும் விரிப்புகளும் உண்டு. சுவரோரங்களில் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான் போட்டு, விரிவதற்கு இடம் விட வேண்டும்.

பேஸ்மென்ட் மாதிரி கான்கிரீட் தளத்தின் மேல் என்றால், கம்பிக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் பலகை கட்டாயம். இல்லையென்றால் சூட்டில் பெரும்பங்கு கீழே மண்ணுக்குத்தான் போகும்.

டைல்ஸ் ஒட்டும் சிமென்ட் கலவையும் சூட்டுத் தரைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொன்னதாக இருக்க வேண்டும். வாளியில் ரெடிமேடாக வரும் பசை இதற்கு ஆகாது.

கம்பியைப் பற்றி மறக்கக் கூடாத விஷயங்கள் சில:

* சூடேறும் கம்பியை எங்கேயும் வெட்டக் கூடாது. வலை விரிப்பாக வந்தால், வலையை மட்டும் வெட்டித் திருப்பலாம்.

* டாய்லெட்டைச் சுற்றியும், தரையோடு ஒட்டி நிற்கும் அலமாரிக்கு அடியிலும் கம்பி வரக் கூடாது. டாய்லெட்டுக்கு அடியில் இருக்கும் மெழுகு வளையம் சூட்டில் இளகலாம். அலமாரிக்கு அடியில் சூடு தேங்கும்.

* கம்பியின் மின்தடையை மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும், தரையில் விரித்ததும், டைல்ஸ் ஒட்டி முடித்ததும். மூன்று எண்களையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியின் முனை பட்டுக் கம்பி அறுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

* டைல்ஸ் ஒட்டுவதற்குள், கம்பி விரித்த தரையை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தரையில் எதையாவது துளையிட நேர்ந்தால் அந்தப் படம்தான் காப்பாற்றும்.

* ஈரமான இடம் என்பதால், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ பாதுகாப்பு அவசியம். இணைப்பை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும். ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த வேலையை மின் பாதுகாப்பு ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும்.

* தரை போட்டு முடிந்ததும் `ஆன் பண்ணிப் பார்ப்போமே' என்று ஆசைப்பட வேண்டாம். ஒட்டிய கலவை முழுதாக இறுகும்வரை, தயாரிப்பாளர் சொல்லும் நாள்கள் காத்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடேற்றினால் கலவை சீக்கிரம் காய்ந்து பிடிப்பு போய்விடும்.

சர்க்கரை நோய் இருக்கிறதா? இதைத் தவறவிடாதீர்கள்

இந்தக் குடும்பத்தின் அம்மாவுக்கு 15 வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் மங்கிவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்குச் சூட்டுத் தரையில் ஓர் ஆபத்து இருக்கிறது. சூடு அதிகமாக இருந்தாலும் கால் சொல்லாது.

தீக்காயத்துக்குக் கொதிக்கும் நீர்தான் வேண்டும் என்பதில்லை. 44 டிகிரி சூடுள்ள ஒரு பொருளோடு தோல் பல மணி நேரம் தொடர்ந்து ஒட்டியிருந்தாலே காயம் ஏற்படும். நல்ல உணர்ச்சி உள்ளவர் காலை நகர்த்திவிடுவார். உணர்ச்சி மங்கியவர் அப்படியே இருந்துவிடுவார்.

ஐரோப்பியத் தரவிதிப்படி பாத்ரூம் தரையின் மேல்பரப்பு 33 டிகிரியைத் தாண்டக் கூடாது. மற்ற அறைகளில் 29 டிகிரி. வெறுங்காலுக்கு 28 டிகிரியே இதமாக இருக்கும். எனவே, அறையின் காற்றை மட்டும் அளக்கும் தெர்மோஸ்டாட் போதாது. தரைக்குள் சென்சார் உள்ள தெர்மோஸ்டாட் வேண்டும். அந்த சென்சார் இரண்டு கம்பிகளுக்கு நடுவில், ஒரு குழாய்க்குள் இருந்தால், பழுதானாலும் உருவி மாற்றிக்கொள்ளலாம். உச்ச அளவை ஒருமுறை நிர்ணயித்துவிட்டு, குழந்தைகள் கை படாமல் பூட்டி வைத்துவிடுங்கள்.

ரப்பர் அடிப்பாகம் உள்ள கனமான மிதியடியைச் சூட்டுத் தரையில் நிரந்தரமாகப் போட்டுவைக்கவும் கூடாது. அதன் அடியில் சூடு தேங்கி, அந்த இடம் மட்டும் அதிகமாகக் கொதிக்கும். உணர்ச்சி குறைந்த கால் உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தை இங்கேயும் விட வேண்டாம். சந்தேகம் இருந்தால், எந்த அளவு சூடு பாதுகாப்பானது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கரன்ட் பில் எகிறுமா?

40 சதுர அடியில் கம்பி பதித்தால், சதுர அடிக்கு 12 வாட் வீதம் மொத்தம் 480 வாட். ஒரு சாதாரண அயர்ன் பாக்ஸ் இழுக்கும் மின்சாரத்தில் பாதி. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 2.4 யூனிட்தான். தேவையான சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும் என்பதால், உண்மையில் இதைவிடக் குறைவாகவே ஓடும்.

தரை சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அம்மா 5 மணிக்கு எழுந்திருப்பவர் என்றால் 4 மணிக்கே ஆன் ஆகும்படி டைமர் வைத்துவிடலாம். காலையில் இரண்டு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும்.

ஆனால், வெளிச்சுவரும் ஜன்னலும் உள்ள பாத்ரூமை இந்த 480 வாட் மட்டுமே சூடாக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடும்குளிரில் அறைக்கான ஹீட்டரும் வேண்டும். இது காலுக்கான வசதி.

கடைக்குப் போகும்போது...

இந்த ஐந்து கேள்விகளை செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. இது தரைக்கான போர்சலைனா? தண்ணீர் உறிஞ்சும் அளவு அரை சதவிகிதத்துக்குள் இருக்கிறதா?

2. ஈரத்தில் டி.சி.ஓ.எஃப் எண் 0.42-க்கு மேல் இருக்கிறதா? எவ்வளவு மேல்?

3. மேல்பரப்பு மேட் ஃபினிஷா, பாலிஷா? (பாலிஷ் என்றால் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

4. இதே நிறத்தில் ஷவர் தரைக்கு இரண்டு அங்குல மொசைக் கிடைக்குமா?

5. கூடுதலாகப் பத்து சதவிகித டைல்ஸ் வாங்கினால், வேலை முடிந்து மிஞ்சியதைப் பத்திரப்படுத்தி வைக்கலாமா? (பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் மறுபடி கிடைப்பது கஷ்டம்.)

என்ன டைல்ஸ் வாங்கினார்கள்?

ஸ்கார்பரோ வீட்டில் கடைசியில் சாம்பிள்தான் முடிவெடுத்தது. மார்பிள் ஒன்று, மேட் போர்சலைன் ஒன்று. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பாத் டப்புக்குள் வைத்து, சோப்புத் தண்ணீரோடு இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் விட்டார் மருமகள். மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு மார்பிளில் கால் வைத்தார். கால் சர்ரென்று ஓடியது. பக்கத்தில் இருந்த போர்சலைனில் கொஞ்சம் நழுவி, நின்றது. அதன் பிறகு யாரும் மார்பிளைப் பற்றிப் பேசவில்லை.

ஷவருக்கு வெளியே வெளிர்சாம்பல் நிற மேட் போர்சலைன். ஷவருக்குள் அதே நிறத்தில் சின்ன மொசைக். டாய்லெட் பக்கத்திலும் ஷவருக்குள்ளும் பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடிகள். தெர்மோஸ்டாட்டில் உச்ச அளவு 29 டிகிரி.

நவம்பரில் அம்மா மறுபடியும் வந்தார். முதல் நாள் விடியற்காலையில் பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டு மகனும் மருமகளும் எழுந்து வந்து நின்றார்கள். அம்மா உள்ளே இரண்டு பாதங்களையும் முழுதாக ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

``நல்லா இருக்காம்மா? சூடு போதுமா?"

``போதும்ப்பா. வழுக்கல, அது போதும்" என்றவர், மருமகளைப் பார்த்து, ``ஏம்மா, சுவத்துல ஒரு வரிசை ஆத்தங்குடி வச்சிருக்கலாம்ல?" என்றார்.